பூட்டுக்கும் ஒரு பொட்டு

அண்டாவுக்குப் பின் சீட்டு, எனக்கு பஸ். காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர் சொன்ன தீர்ப்பு இதுதான். வார்த்தைகள் வேறு, "அண்டாவப் பின்னாடி ஏத்திட்டா ஆள் உக்கார எடமிருக்காது, நீ நாலு மணி பஸ்ஸப் பிடிச்சு வந்துரு இந்திராணி, ஸ்டாண்டுக்கு ஆட்டோவுல போயிரு" என்று பதமாகத்தான் சொன்னார், தவமணி என்கிற என் வீட்டுக்காரர் பதமாகப் பேசும்போதுதான் எனக்கு அதிகமாகப் பற்றிக்கொண்டு வரும். நெடுங்கண்டத்தில் என் தங்கை கலா வீடு கட்டியிருக்கிறாள், நாளைக்கு விடியக்காலையில் பால் காய்ச்சு. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருத்தி, அக்காதான் பால் பானையோடு முதலில் வாசற்படி தாண்ட வேண்டும் என்று போனில் அழுதுகொண்டே சொன்னாள். அந்த அக்கா போடியிலிருந்து மலை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டு தனியாகப் போய் இறங்க வேண்டும், அண்டா காரில் புருஷனோடு ஜோடியாகப் போய் இறங்கும். முன் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. அவருக்குப் பக்கத்து சீட்டு, ஒரு காலத்தில் என் சீட்டு. அதைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை, இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றினேன். ஊற்றும்போதே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு, சாப்பிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அதற்குள் ஒன்று தெரிந்தாக வேண்டும், கோளாறு எதில், என் கையா, கார்க் கதவா.

இப்போது கார் ஷெட்டில், தையல் மிஷினுக்குப் போடும் முக்காலியை இழுத்துப் போட்டு, திறந்து வைத்த அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மேலே தகரம் காய்கிறது, உள்ளே சீட்டு உறை காய்ந்த வாசனை, அதோடு அவர் தரம் பார்க்கும் சரக்குக் கிட்டங்கியிலிருந்து உடம்போடு கொண்டுவரும் ஏலக்காய் வாசனை. முன்பக்கத்து இடது கதவு. பார்க்க ஒரு குறையும் இல்லை, நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி நிற்கிறது. இந்தக் கதவைப் பையச் சாத்தினால் பாதியில் நின்றுவிடும், சாத்திய மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு நூல் இடைவெளி. "சாத்தல" என்பார். எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், காதால் கேட்டே சொல்லிவிடுவார், "சாத்தல." சரி என்று திறந்து கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் மறுபடியும், "சாத்தல." பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கிச் சாத்தினால், "என்ன, கதவப் பேக்கப் போறியா?" பையச் சாத்தக் கூடாது, ஓங்கிச் சாத்தக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சாத்து இருக்கிறது, அது அவருக்கு மட்டும் தெரியும், எனக்கு வரவில்லை, வராது. கடைசியில் அவரே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, என் கதவைத் திறந்து, ஒரே அறை, டமார். அவர் ஓங்கினால் அது தொழில், நான் ஓங்கினால் அது சேதம். இத்தனைக்கும் ஒரு தடவை மெக்கானிக் பஷீர் பட்டறைக்குக் கொண்டு போயும் காட்டினார். எப்படிக் காட்டினார்? தானே திறந்து தானே டமார் என்று சாத்திக் காட்டினார். பஷீர் என்ன சொல்வான் பாவம், "நல்லாத்தானேண்ணே சாத்துது" என்றான். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று, "பஷீரே சொல்லிட்டான், கதவுல ஒண்ணுமில்ல" என்றார். கதவில் ஒன்றுமில்லை என்றால் மிச்சம் இருப்பது யார், கை. என் கை. நோயாளியைக் கூட்டிப் போய், வலி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டால் கூட வந்தவர் பதில் சொல்வது மாதிரி. அன்றைக்கே நான் கூடப் போய், என் கையால் ஒருமுறை சாத்திக் காட்டியிருக்கலாம். பட்டறைக்கெல்லாம் பொம்பளை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஸ்டார் மண்டை ஸ்க்ரூடிரைவர் கையில் கனக்கிறது. திறந்த கதவைப் பார்த்தால் இப்போதும் முக்காலியை ஒரு முறை பின்னால் நகர்த்திக்கொள்கிறேன், வெறும் ஷெட்டில், நிற்கிற வண்டிக்கு எதிரே. போன வருஷம் வைகாசியில் உத்தமபாளையம் கல்யாணத்துக்குப் போனபோது. மடியில் குத்துவிளக்கு டப்பா, பட்டுச்சேலை, பெல்ட்டெல்லாம் அப்போது போடுகிற வழக்கமில்லை, பட்டு கசங்கிவிடும். இரண்டு பக்கமும் வயல், ரோடு வலது பக்கம் திரும்புகிறது, நான் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறேன், என்ன பேசினேன் என்று எத்தனை யோசித்தாலும் ஞாபகம் வருவதில்லை, திடீரென்று பக்கத்தில் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் காற்று, கீழே ரோடு ஓடுகிறது, என் உடம்பு அந்தப் பக்கமாகச் சரிகிறது. குத்துவிளக்கு டப்பா விழுந்து உருண்டு போனதைப் பார்த்தேன். நான் விழவில்லை. ஏன் விழவில்லை என்றால் என் முழங்கைக்கு மேலே ஒரு பிடி, எலும்பு வரைக்கும் இறுகிய பிடி, அது அவருடைய இடது கை. வண்டியை நிறுத்தினார். பின்னாலேயே வந்த டவுன் பஸ்ஸும் நின்றது. ஜன்னல் நிறையத் தலைகள். "இத்தன வயசுல ஒரு கதவச் சாத்தத் தெரியல, நீயெல்லாம் என்ன பொம்பள!" அத்தனை தலைக்கும் முன்னால். பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். நான் இறங்கிப் போய் விளக்கைப் பொறுக்கினேன், கழுத்து நெளிந்து போயிருந்தது, விளக்குக்கு. திட்டும்போது அவருடைய கீழ் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். சாவியைப் போட முடியாமல் இரண்டு தடவை தடுமாறியதையும் பார்த்தேன். பயந்துவிட்டார், மனிதர் நன்றாகப் பயந்துவிட்டார், என்னைவிட அதிகமாக. பயந்த ஆண்பிள்ளை கத்துவார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியுமா? அன்றைக்குத் திரும்பும்போது, "நீ பின்னாடி உக்காரு" என்றார். அது அப்படியே சட்டமாகிவிட்டது. முன் சீட்டில் அவருடைய பை உட்கார்ந்திருக்கிறது. பைக்கு வாந்தி வராது. எனக்குப் பின் சீட்டு என்றால் வீரபாண்டி தாண்டுவதற்குள் தலை சுற்றும். முன்னால் இருந்தால் வளைவு வருவது கண்ணுக்குத் தெரியும், உடம்பு அதற்கேற்ற மாதிரி ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் இருந்தால் அவருடைய பிடரியைத்தான் பார்க்கலாம், அதில் வளைவு எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லாமே சந்தேகம். கேஸைச் சாத்தினேனா என்று பாதி தெரு போய்த் திரும்பி வருகிறேன். சாத்தித்தான் இருக்கும். பிரிட்ஜைச் சாத்திவிட்டு ஒரு முறை கையால் அழுத்துகிறேன். கேட்டின் கொண்டியைப் போட்டுவிட்டு ஆட்டிப் பார்க்கிறேன். தண்ணீர்க் குழாயை இறுக்கி இறுக்கி வாஷர் தேய்ந்து, அதற்கும் ஒரு திட்டு. ஒரு சொந்தக்கார வீட்டு விசேஷத்தில் என் கொழுந்தன், "மதினி கடைசியா வர்றாகளா, அப்ப கதவ வேற ஆளு சாத்துங்கப்பா" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அதற்கு ஒரு பேச்சு. வாய்க்கு வாய் சொல்லச் சொல்ல நமக்கே அது நிஜமாகிவிடுகிறது. ஒருவேளை நிஜமாகவே என் கையில் ஏதாவது இருக்கிறதோ. எதையும் முழுசாக முடிக்காத கையோ. ஆனால் இதே கைதான் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிறது, ஒருத்திக்காவது கொக்கி விட்டுப் போனது உண்டா? கல்யாண மேடையில் மூச்சை இழுத்து விட்டாலும் என் கொக்கி விடாது. அப்படியிருக்க, ஒரு காரின் கதவு மட்டும் என் கைக்கு ஏன் மாட்டவில்லை? இங்கேதான், போன வாரம் ஒரு ரவிக்கைக்கு வளையம் கட்டிக்கொண்டிருந்தபோது, ஊசி பாதியில் நின்றது. கொக்கி மாட்டவில்லை என்றால் போட்டுக்கொள்கிறவளின் விரலையா குறை சொல்கிறோம்? வளையத்தைப் பிரித்து ஒரு நூல் தள்ளிக் கட்டுகிறோம். அவ்வளவுதானே. காரிலும் இதேதானே இருக்கிறது, கதவின் ஓரத்தில் ஒரு பூட்டு, வண்டியின் தூணில் அது கவ்வுவதற்கு ஒரு இரும்பு வளையம்.

அந்த வளையத்தைத்தான் முதலில் பிடித்தேன். அவிழ்ப்பதற்கு முன்னால் அதைச் சுற்றித் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன், பழைய தையலைப் பிரிக்கும் முன் குறி வைக்காதவள் தையல்காரியே இல்லை. இரண்டு திருகாணி. முதல் ஆணி என்னை மதிக்கவே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முக்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கையும் தோளும் சேர்த்து அழுத்தித் திருகினேன், க்ரீச் என்று ஒரு சத்தம், உள்ளே கட்டில் முனகியது, அவர் புரண்டு படுக்கிறார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் வீட்டில், என் வண்டியில், திருடி மாதிரி. மறுபடியும் குறட்டை வந்தது. வாழ்க அந்தக் கறிக்குழம்பு. வளையத்தை ஒரு நூல் மேலே தள்ளி இறுக்கினேன், சாத்தினேன். பாதி. இன்னும் ஒரு நூல் வெளியே, சாத்தினேன், பாதி. கீழே, பாதி. உள்ளே, இப்போது கதவு மோதித் திரும்பியே வந்துவிட்டது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கை வலித்தது, அதைவிட அந்த வார்த்தை வலித்தது, நான்தான் சொல்லிக்கொண்டேன், அவருடைய குரலில், எனக்குள்ளேயே, "சாத்தல." பார்த்தாயா, ஓரம் போ, வேலையற்றவள், இருந்ததையும் கெடுத்து வைத்தாய், இப்போது எழுந்து வந்தால் என்ன சொல்வாய், வளையத்தை எங்கே வைத்திருந்தார்கள் என்றாவது தெரியுமா. தெரியும். சாக்கட்டிக் கோடு இருக்கிறது. வளையத்தைத் திரும்பக் கோட்டுக்குள்ளேயே வைத்து இறுக்கினேன். அப்போது அது நன்றாகத் தெரிந்தது, கோடும் வளையமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன, இது கம்பெனிக்காரன் வைத்த இடம், யாரும் அசைக்கவில்லை, வளையத்தில் குற்றமில்லை. வளையத்தில் குற்றமில்லை என்றால் மறுபடியும் கைதானா? கையா, கதவா, செக்கு மாடு மாதிரி அதே இடத்துக்கே வந்து நிற்கிறேன். இருடி. அவசரப்படாதே. வளையம் சரி, அப்படியானால் கொக்கி? கொக்கியை யார் பார்த்தார்கள்? நானா, பஷீரா, அவரா? ஒருத்தரும் பார்க்கவில்லை.

பின் கதவைத் திறந்தேன். அண்டா காலையிலேயே ஏறி உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. பின் கதவு எப்போதும் ஒழுங்காகச் சாத்தும், நான் சாத்தினாலும் சாத்தும், அதை ஒருத்தரும் கணக்கில் எடுத்ததில்லை. அதன் ஓரத்தில் பூட்டு இருக்கிறது, வாய் திறந்த மாதிரி ஒரு பள்ளம், உள்ளே வளைந்த ஒரு நாக்கு. வளையம் வந்து இடித்தால் இந்த நாக்கு திரும்பிக் கவ்வ வேண்டும், அதுதானே வேலை. கதவு திறந்தபடியே இருக்கட்டும் என்று ஸ்க்ரூடிரைவரை வளையமாக நினைத்து அந்த நாக்கை அழுத்தினேன். டிக். இன்னும் அழுத்தினேன். டிக். இரண்டு சத்தம். கைப்பிடியை இழுத்தேன், நாக்கு துள்ளித் திறந்துகொண்டது. மறுபடியும். டிக், டிக். சரி. முன் கதவுக்கு வந்தேன், அதே மாதிரி நாக்கை அழுத்தினேன். டிக். இன்னும் அழுத்தினேன். ஒன்றுமில்லை. பலமாக அழுத்தினேன். ஒன்றுமில்லை. அங்கேயே நின்றுவிட்டது, பாதியில், சரியாக அந்தப் பாதியில். கைப்பிடியை இழுத்து விட்டு மறுபடியும் பார்த்தேன், ஒரு டிக், அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவு திறந்திருக்கிறது. அகலத் திறந்து கிடக்கிறது. யாரும் அதைச் சாத்தவில்லை, பையவும் சாத்தவில்லை, ஓங்கியும் சாத்தவில்லை, இந்திராணி கதவைத் தொடவே இல்லை, அப்போதும் அது சாத்தவில்லை! கை இல்லை. கை இல்லவே இல்லை. கதவு. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன், இத்தனை நாள், அந்த டவுன் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் இப்போது இந்த ஷெட்டில் வரிசையாக நின்று பார்க்க வேண்டும் போல இருந்தது, வாங்கய்யா, வந்து பாருங்க, சிரித்த மகராசன் யாரு, அவரு முன்னால வாங்க. கொழுந்தனாரே நீங்களும் வாங்க. என் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். கிரீஸும் சாக்கட்டித் தூளும் ஒட்டியிருந்த என் கை. நல்ல கை. ஒரு குறையும் இல்லாத கை.

ஆனால் நாக்கு ஏன் திரும்பவில்லை? போன் வெளிச்சத்தை அடித்துப் பள்ளத்துக்குள் பார்த்தேன். கிரீஸ் கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன், உள்ளே மஞ்சளாக இருந்தது. மஞ்சளும் இல்லை, காய்ந்த மண் மாதிரி ஒரு நிறம், நடுநடுவே சிவப்பு. கொண்டை ஊசியை உருவி நோண்டினேன், கல் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மூக்கின் பக்கத்தில் கொண்டு போனேன். அடப்பாவி மனுஷா! சந்தனம். சந்தனமும் குங்குமமும். அவ்வளவுதான், எல்லாம் கண் முன்னால் ஓடியது. ஆயுத பூஜை. அன்றைக்கு இவருக்குப் பிடிக்கிற பக்திக்கு அளவே கிடையாது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றுவார், நாலு டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, வைப்பர், ஒன்றை விடமாட்டார். கடைசியாக, வாசலைப் பார்த்த இந்த முன் கதவைத் திறந்து வைத்து, சீட்டுக்கு ஒரு பொட்டு, பிறகு கட்டை விரலால் வழித்து எடுத்து, "பூட்டுக்கும் ஒரு பொட்டு, மகாலச்சுமி உக்கார்ற எடம், பாதுகாப்பு வேணும்ல" என்று இந்த வாய்க்குள் ஒரே அப்பு. வருஷா வருஷம் இதே வசனம், வருஷா வருஷம் புதுச் சந்தனம், பழையது உள்ளே காய்ந்து கல்லாகி. மற்ற மூன்று கதவுக்கும் வெளியே ஒரு தொடு தொட்டதோடு சரி, அங்கே மகாலட்சுமி உட்காரவில்லை. மகாலட்சுமி என்பது யார், நான்தான், அதையும் அவர்தான் சொல்வார், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வெட்கமில்லாமல் சொல்வார். என்னைக் காப்பாற்ற வைத்த சந்தனம்தான் என்னை ரோட்டில் தள்ளப் பார்த்திருக்கிறது. கோபம் வந்தது, நன்றாக வந்தது, ஆனால் முழுசாக வந்து உட்கார முடியவில்லை, பாதியிலேயே சிரிப்பு வந்து தள்ளிவிட்டது. வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தேன். துணியை முக்கி முக்கி ஒத்தடம் கொடுத்தேன், பழைய பல் தேய்க்கும் பிரஷ், கொண்டை ஊசி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்தது, ஒவ்வொரு வருஷத்துச் சந்தனமும் ஒவ்வொரு அடுக்காக, வாசனை கூட இன்னும் மிச்சம் இருந்தது. பெரிய துண்டு ஒன்றை மட்டும் துணியில் முடிந்து வைத்துக்கொண்டேன். காய விட்டு, தையல் மிஷின் எண்ணெயை மூக்கு நீண்ட டப்பாவால் நாலு சொட்டு உள்ளே விட்டேன். அழுத்தினேன். டிக். அழுத்தினேன். டிக். இரண்டாவது டிக்கை நான் என் காதால் கேட்டேன்.

கைப்பிடியை இழுத்து நாக்கைத் திறந்துவிட்டு எழுந்து நின்றேன். இப்போது சாத்த வேண்டும். சாத்தப் பயமாக இருந்தது. சாத்தாத வரைக்கும் ஜெயித்தவள், சாத்திவிட்டால் என்னவோ யார் கண்டது. கையைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். பையவா, ஓங்கியா? என்ன கேள்வி இது, இனிமேல் அந்தக் கேள்வியே கிடையாது. ஒரே ஒரு விரலை, ஆட்காட்டி விரலை, கதவின் ஓரத்தில் வைத்துத் தள்ளினேன். டக். அவ்வளவுதான். சத்தம் கூட இல்லை, ஒரு சொல் அளவுக்கு ஒரு டக். விளிம்பைத் தடவினேன், நூல் இடைவெளி இல்லை, தகரமும் தகரமும் ஒன்றோடொன்று சமமாக நின்றன. இழுத்தேன், அசையவில்லை. திறந்து மறுபடி ஒரு விரல். டக். சுண்டு விரல். டக். இடுப்பால் ஒரு இடி, டக். திரும்பி நின்று பின்புறத்தால் ஒரு தள்ளு, டக். யாராவது பார்த்திருந்தால் பொம்பளைக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். பிடிக்கட்டும்.

முகம் கழுவி, பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு நான் தயாராக நின்றபோது அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஆட்டோவுக்குச் சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "என்ன பொம்பள நீ, பஸ்ஸு போயிரும்ல!" என்று செல்போனை எடுத்தார். முன் கதவைத் திறந்தேன், அவருடைய பையை எடுத்து அண்டாவுக்குள் வைத்தேன், ஏறி உட்கார்ந்தேன், சேலையை ஒதுக்கினேன், உள்ளிருந்து இரண்டு விரலால் கதவை இழுத்தேன். டக்.

"சாத்தல" என்றார். வாய் தானாகச் சொன்னது, கண் இன்னும் செல்போனில்தான் இருந்தது.

"சாத்தியாச்சு" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? சத்தமே வரல, சாத்தியாச்சுங்குற" என்று பழைய வழியாகச் சுற்றி வந்தார். கதவை இழுத்தார். வரவில்லை. இன்னும் ஒரு முறை இழுத்தார். அவர் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பக்கத்தில் பார்த்தேன், புருவம் மட்டும் மேலே போனது. நம்ப முடியாமல் கைப்பிடியைத் தூக்கித் திறந்து, தொழில்காரர் ஆயிற்றே, ஓங்கி ஒரே அறை, டமார்! வண்டியே ஆடியது, பின்னால் அண்டா கணீர் என்றது. இதற்காகத்தான், இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போல. கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டி, அவர் குரலிலேயே சொன்னேன், "என்ன, கதவப் பேக்கப் போறீகளா? பையச் சாத்துங்க."

திறந்து, பையச் சாத்தினார். டக். திறந்தார், இன்னும் பைய, டக். "ஏ, என்னடி செஞ்ச?" என்றார். முடிந்து வைத்திருந்த துணியைப் பிரித்து ஜன்னல் வழியாக நீட்டினேன். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார். முகர்ந்ததும் புரிந்துவிட்டது, கிட்டங்கியில் மணத்தை வைத்தே ஏலக்காய்க்குத் தரம் சொல்கிற மூக்கு. "இது மகாலச்சுமிக்கு வச்சதாச்சே" என்றார்.

"அந்த மகாலச்சுமியத்தான் பின்னாடி தள்ளி வாந்தி எடுக்க வச்சீக. இன்னைக்கு ஆட்டோவுல ஏறச் சொன்னீக. குத்தம் என் கையில இல்லங்க, கதவு உங்க பொட்டுலதான் நின்னுச்சு."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். "அன்னைக்கு அந்த வளைவுல…" என்று ஆரம்பித்தார், மேலே வரவில்லை. "என் கை மட்டும் உன்னப் பிடிக்காம இருந்திருந்தா" என்றார், அதற்கு மேலும் வரவில்லை. பயந்ததை முதல் தடவையாகச் சொல்கிறார் என்று புரிந்தது, சரி போகட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, போகாது, அந்த பஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனாலும் அந்தப் பிடி ஞாபகம் வந்தது, முழங்கைக்கு மேலே, எலும்பு வரைக்கும். "ஏறுங்க, நேரமாகுது" என்றேன். ஏறினார். பெல்ட்டை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. மடியில் பிளாஸ்டிக் கவரும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. ரோடு எனக்கு முன்னால் விரிந்து கிடந்தது, அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, பாறை, புல், எதிரே இறங்கும் ஜீப், தூரத்தில் போடி ஊர் சின்னதாகச் சுருங்குவது, எல்லாம் எனக்கு முதலில் தெரிகிறது, பிறகுதான் உடம்புக்குத் தெரிகிறது. அது போதும், தலை சுற்றவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது, வலது பக்கம். அந்த வலது பக்கம். உடம்பு கதவை நோக்கிச் சரிந்தது, என் கை தானாகப் போய்க் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒரு கணம்தான். நானே நோண்டினேன், நானே கழுவினேன், இரண்டாவது டிக்கை நானே கேட்டேன். கையை எடுத்தேன். எடுத்து மடியில் வைத்தேன். கதவு இருந்த இடத்தில் கதவு இருந்தது. என் பாரம் முழுவதையும் அதன் மேல் சாய்த்தேன், தாங்கியது. பார்த்தால் அவர், ஸ்டியரிங்கைத் திருப்புகிற அந்த அவசரத்திலும், கண்ணை ரோட்டிலிருந்து எடுத்து என் கதவைப் பார்க்கிறார், இடது கை பாதி தூக்கி, என் முழங்கையைப் பிடிக்கத் தயாராக.

"சாத்தித்தான் இருக்கு" என்றேன். "நீங்க ரோட்டப் பாருங்க."